விறகு கொத்த எந்தக் கோடாலி நல்லது?

06.08.2023
கேள்வி: கொழும்பில இருந்து அம்மாவோட மட்டக்களப்புக் கரடியனாற்றுக்குத் திரும்பி மூணு மாசம். காஸ் விலைக்கு ஏலாமல் மண் அடுப்புக்கு மாறிட்டோம். ஒரு லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) பெட்டி விறகு இறக்கிக் கிடக்கு, எல்லாம் உருட்டுக் கட்டை. கொத்த ஆள் பிடிச்சால் விறகு விலையும் கூலியும் ஒண்டாப் போகுது. நானே கொத்துவம் எண்டு கடையில கோடாலி வாங்கினேன். நாலு கட்டைக்குள்ள உள்ளங்கை கொப்புளிச்சிட்டு. கோடாலி உள்ள போய் இறுகுது, கட்டை பிளக்குதில்லை. பொம்பிளைக்கு இது ஏலாதா, இல்லாட்டி கோடாலி பிழையா?

06.08.2023, இரவு
கோடாலி பிழை. பொம்பிளை எண்டதை முதல்ல தலையில இருந்து இறக்கி வையுங்க மகள்.

வாங்கின கோடாலியின்ட வாயைப் பாருங்க. கத்தி மாதிரி மெல்லிசாப் போகுதா? அது மரம் தறிக்கிற கோடாலி. நிற்கிற மரத்தின்ட நாரைக் குறுக்கால அறுக்கத்தான் அது. விறகு கொத்தும்போது நாம நாரை அறுக்கிறதில்லை, ஒட்டிக்கிடக்கிற நாரைப் பிரிக்கிறோம். அதுக்குக் கன்னம் தடிச்ச கோடாலி வேணும். வாய் உள்ள இறங்கினதும் கன்னம் ரெண்டு பக்கமும் நெருக்கித் தள்ளும், கட்டை விரியும். மெல்லிசுக் கோடாலிக்குத் தள்ளக் கன்னமில்லை. போய் இறுகிக்கொண்டு நிற்கும்.

மூணு கிலோவுக்குக் குறையாத தலையா எடுங்க. பாரம் கூடினால் வேலை குறையும்.

நான் 1990இல இருந்து கொத்துறேன். அதுக்கு முந்தி எங்கட வளவில கோடாலி ஆம்பிளையளின்ட கையில இருந்தது. அந்த வருசத்துக்குப் பிறகு தூக்க ஆளில்லை, நான் தூக்கினேன். அப்ப எனக்கு 24 வயசு.

07.08.2023
நிலத்தில வைச்சுக் கொத்துறீங்களா? மண்ணில வைச்சால் அடியின்ட பாதியை மண் குடிச்சிரும். கட்டையைத் தாண்டினால் வாய் மணலில போய் மழுங்கும், இல்லாட்டிக் காலுக்கு வரும். கட்டையை மேல வைச்சுக் கொத்த அடிக்குத்தி ஒண்டு வேணும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ நிற்கிற உயரம், தட்டையான தலை, ஆடாத பாரம். கட்டையை அதின்ட நடுவில வைக்காதீங்க, உங்களுக்கு அங்கால்ப் பக்க ஓரமா வையுங்க. கோடாலி தப்பினாலும் குத்தியில விழும், காலுக்கு வராது.

கால் ரெண்டும் தோள் அகலத்துக்கு. ஒரு காலை முன்னுக்கு வைச்சு நிற்கிற பழக்கம் இருந்தால் இண்டைக்கே விடுங்க, முன்னுக்கு நிற்கிற கால்தான் வெட்டுப்படும். வலக்கை கோடாலித் தலைக்குக் கிட்ட, இடக்கை பிடியின்ட அடியில. தலைக்கு மேல போனதும் வலக்கை தானா வழுக்கி இடக்கையிட்ட வந்து சேரட்டும். விழும்போது முழங்காலை மடக்குங்க, இடுப்பை மடக்காதீங்க. கண் கட்டையின்ட மேல்முகத்தில இருந்தாலும், மனசு அடிக்குத்தியில இருக்கட்டும். குத்தி வரைக்கும் போகப்போறேன் எண்டு ஓங்கினால்தான் கட்டை நடுவழியில பிளக்கும்.

செருப்போட வேண்டாம். சப்பாத்து, இல்லாட்டிப் பூட்ஸ்.

கொப்புளத்தைக் குத்தாதீங்க. பிடியை இறுக்கிப் பிடிச்சதால வந்தது அது. குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரிப் பிடி எண்டு பெத்தப்பா (தாத்தா) சொல்லுவார்.

09.08.2023
என்ன மரம் எண்டு கேட்டதுக்கு நீங்க அனுப்பின பதில்: வேம்பு, மரமுந்திரிகை, வாகை, ரெண்டு மூணு சவுக்கு, ஒரு பெரிய புளி, "தென்னங்குத்தியும் இருக்கு".

தென்னையை இப்பவே ஒதுக்கி வையுங்க. தென்னை மத்த மரம் மாதிரி இல்லை, அதுக்குள்ள வளையம் கிடையாது. வெளிப்பக்கம் இரும்பு, நடு பஞ்சு, எல்லாம் நார்க்கற்றை. கோடாலி அடிச்சால் நசியும், பிளக்காது. 78 சூறாவளிக்குப் பிறகு (நவம்பர் 23) எங்கட பக்கம் தென்னந்தோட்டம் தோட்டமாச் சரிஞ்சு கிடந்தது. எனக்கு 12 வயசு. விறகுக்கு இனிப் பஞ்சமில்லை எண்டு அப்பாவும் சித்தப்பாவும் ஒரு கிழமை அதோட மாரடிச்சாங்க. கடைசியில வாய்க்காலுக்குப் பாலம் போட்டதுதான் மிச்சம்.

சவுக்கு வாய்ச்சது பாக்கியம். பச்சையில கொத்துங்க, கையில எடுத்த மாதிரிப் பிளக்கும், புகையும் குறைவு. மரமுந்திரிகை நெளிஞ்ச மரம்தான், ஆனால் இளகினது. வாகை பரவாயில்லை. வேம்பு நார் முறுக்கி ஓடும், வெடிப்புப் பார்த்து அடிக்கணும்.

எல்லாத்தையும் பச்சையிலயே கொத்துங்க. காயவிட்டால் கல்லாப் போகும்.

வாவிக்கரையில இருந்து ஆராவது மலிவா விறகு கொண்டுவந்தால் தில்லை (கண்டல் மரம் ஒண்டு) இருக்குதா எண்டு பாருங்க. கொத்தும்போது அதின்ட பால் கண்ணில பட்டால் பார்வையே போகலாம். எரிச்சால் புகையும் கண்ணுக்குக் கூடாது. கண்டலை வெட்டுறதே பிழை, அது வேற கதை.

10.08.2023
வெடிப்பு எண்டு சொல்லிப்போட்டு விளங்கப்படுத்தாமல் விட்டுட்டேன். இந்தக் கேள்வி-பதில் இழையில ஒண்டை மட்டும் வாசிக்கிறதெண்டால் இதை வாசியுங்க.

கட்டையை நிமிர்த்தி வைச்சு முகத்தைப் பாருங்க. கொஞ்ச நாள் கிடந்த கட்டையெண்டால் நடுவில இருந்து வெளியில ஓடுற மயிர்க்கோடுகள் தெரியும். மரம் காயும்போது சுத்துவட்டத்தில சுருங்குறது, நடுவில இருந்து தோலுக்குச் சுருங்குறதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அந்த இழுவையிலதான் ஆரக்கால் மாதிரி வெடிக்குது. எங்க பிரியப்போறேன் எண்டு கட்டையே கோடு கீறித் தருது. பெரிய கோட்டைத் தேடுங்க. விரலால தடவினால் நகம் மாட்டும். கட்டையைக் கிறுக்கி (திருப்பி) அந்தக் கோடு உங்களுக்கு நேரா வாறமாதிரி வையுங்க. வாய் அந்தக் கோட்டோட ஒத்துப்போகணும், குறுக்கால விழப்படாது.

மறுகா கணு. கணு எந்தத் தொங்கலுக்கு (முனைக்கு) கிட்ட இருக்குதோ அதை நிலத்துப் பக்கம் கிறுக்கிப் போடுங்க. வெடிப்பு சுத்தமான மரத்தில தொடங்கி வேகம் எடுத்துக் கணுவுக்குப் போகட்டும். கணுவுக்கு மேல அடிச்சால் கையில அதிர்வுதான் மிஞ்சும்.

பானை அகலத்துக் கட்டையெண்டால் நடுவில அடிக்கவே வேண்டாம். ஓரத்தில இருந்து பலகை பலகையாச் சீவி எடுங்க. நடு கடைசியில தானா ஒல்லியாப் போகும்.

ஓங்க முந்திப் பார்க்கிற நேரம்தான் வேலை. நான் ஒரு கட்டையைச் சுத்தி ரெண்டு தரம் நடந்து பார்த்து ஒரு அடி அடிப்பேன். பக்கத்து வளவுப் பொடியன் பாராமல் ஆறு அடி அடிப்பான்.

13.08.2023
பாரத்தைப் பத்தி எழுதினது பிழை. மூணு கிலோ எண்டு சொன்னதை எடுத்து விடுங்க.

என்ட மகள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இதை வாசிச்சிட்டு நேத்துக் கோல் எடுத்தாள். "அம்மா, பாரத்தை ரெண்டு மடங்காக்கினால் அடியின்ட சக்தி ரெண்டு மடங்கு. வேகத்தை ரெண்டு மடங்காக்கினால் நாலு மடங்கு. அந்தப் பிள்ளையால மூணு கிலோவை வேகமா ஓங்க ஏலுமா?" ஏலாது. என்னாலயும் ஏலாது. இதை எழுதின பிறகு என்ட கோடாலித் தலையைக் கழட்டிப் பலசரக்குக் கடைத் தராசில வைச்சால் ரெண்டு கிலோவும் கொஞ்சமும். முப்பத்திமூணு வருசமா மூணு கிலோ எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆகவே: ரெண்டு கிலோ, கன்னம் தடிச்சது. பிடி உங்கட கைக்கு நீட்டுப்போக்கா. தூக்கும்போது மெதுவா, இறங்கும்போது வேகமா.

13.08.2023, பின்னேரம்
பிடியைப் பத்திக் கேட்டிருக்கிறீங்க. எந்த மரம் எண்டதைவிட நார் நேரா ஓடுதா எண்டதுதான் முக்கியம். பிடியின்ட பக்கவாட்டில நார்க்கோடு இந்தத் தொங்கலில இருந்து அந்தத் தொங்கல் வரைக்கும் ஓடணும். இடையில சரிஞ்சு வெளியில போனால் ஒருநாள் அந்த இடத்திலதான் முறியும். பெத்தப்பா விண்ணாங்குக் கம்பு தேடிப் போவார். இப்ப காட்டுக்குப் போய் வெட்டிக்கொண்டு வாற காலமில்லை, கடைப் பிடியே போதும். பத்துப் பிடியை எடுத்துப் பார்த்து ஒண்டைத் தெரிவு செய்யுங்க. கடைக்காரர் முகம் சுளிச்சால் சுளிக்கட்டும்.

குலத்தைக் கெடுக்கும் கோடாலிக்காம்பு எண்டு சொல்லுவாங்க. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் காம்புக்காக வழக்காடணும் போல இருக்கும். காம்பில்லாட்டி அடுப்பு எரியாது.

தலை ஆடினால் ஒரு இரவு தண்ணி வாளிக்குள்ள போட்டு வையுங்க, இறுகும்.

20.08.2023
புளிக்குக் கோடாலியை விட்டுட்டு ஆப்புப் பாவியுங்க. இரும்பு ஆப்பு ரெண்டு, ஒரு சம்மட்டி. முதல் ஆப்பு வெடிப்பில. அது இறுகி நிண்டால் அந்த வெடிப்பு போற வழியில ரெண்டாவது. ரெண்டாவது இறங்க இறங்க முதலாவது தளர்ந்து கையோட வரும்.

கோடாலியின்ட பிடரியால ஆப்பை அடிக்காதீங்க. கோடாலிக் கண் (பிடி போற ஓட்டை) விரியும், இரும்புச் சில்லுத் தெறிக்கும். ஆப்பின்ட தலை பூப் பூத்த மாதிரி மடிஞ்சிருந்தால் அரத்தால தேய்ச்சு எடுங்க, அந்த மடிப்புத்தான் தெறிக்கிறது. கட்டை பாதி பிளந்து நிற்கும்போது விரலை உள்ள விட்டு ஆப்பைப் பிடுங்கவும் வேண்டாம். ஆப்பிழுத்த குரங்கின்ட கதை சின்ன வயசில எல்லாருக்கும் சொல்லித்தான் வளர்த்தாங்க.

03.09.2023
தண்ணி வாளியைப் பத்தி எழுதினதை அழிக்க வழி தெரியல்ல. அதைச் செய்யாதீங்க மகள். ஏன் எண்டதை முழுசாச் சொல்லுறேன்.

ரெண்டு கிழமைக்கு முந்தி என்ட கோடாலித் தலை லேசா ஆடுற மாதிரி இருந்தது. வழமை போல வாளிக்குள்ள போட்டு வைச்சேன். காலையில இறுகியிருந்தது. ரெண்டு நாள் வெயிலில குசினி வாசலில சாய்ச்சு வைச்சிட்டு, மூணாம் நாள் கொத்தத் தொடங்கினேன். ஏழாவதோ எட்டாவதோ அடி. ஓங்கினதும் கையில பாரம் இல்லை. பிடி மட்டும் வந்து கட்டையில பட்டது. தலை பின்னால பறந்து கோழிக்கூட்டுத் தகரத்தைக் கிழிச்சுக்கொண்டு உள்ள போச்சு. அந்த இடத்தில அஞ்சு நிமிசத்துக்கு முந்தி பேரப்பிள்ளை முட்டை எடுத்துக்கொண்டு நிண்டவள்.

நான் அடிக்குத்தியிலயே இருந்திட்டேன். கன நேரம் எழும்பயில்லை.

தண்ணியில மரம் ஊதும், மெய்தான். ஆனால் இரும்புக் கண்ணுக்குள்ள ஊத இடமில்லாமல் நார் தன்னைத்தானே நசுக்கிக்கொள்ளும். காய்ஞ்சால் முந்தியிருந்ததைவிட ஒல்லியாப் போகும். ஒவ்வொரு தரம் ஊறப்போடவும் இன்னும் தளரும். இத்தனை வருசம் நான் செய்ததே இதுதான், ஒவ்வொரு மாரியும் புதுப்பிடி வாங்கினதுக்குக் காரணமும் இதுதான்.

சரியான வழி: கோடாலியைத் தலைகீழாப் பிடியுங்க, இரும்பு கீழ தொங்கட்டும். மேல நிற்கிற பிடி அடியில மரக்கட்டையால தட்டுங்க. தலை கழண்டு விழும் எண்டு தோணும். விழாது. தட்டத்தட்டப் பிடிக்கு மேல ஏறி இறுகும். மறுகா கண்ணுக்கு மேல தெரியிற பிடித் தலையில மர ஆப்பு ஒண்டை இறக்குங்க. கடைசியா அந்த முகத்துக்கு இலுப்பெண்ணெய் பூசுங்க, குடிக்கக்குடிக்கப் பூசுங்க. நான் இப்ப கொத்தத் தொடங்க முந்தி ஒவ்வொரு நாளும் தலையை ஆட்டிப் பார்க்கிறேன். கொத்துற இடத்தில முன்னுக்கோ பின்னுக்கோ ஆரும் நிற்கக் கூடாது. கோழிகூட.

04.09.2023
கோழிக்கு ஒண்டும் இல்லை. கேட்டவங்களுக்கு.

17.09.2023
"பச்சையிலயே கொத்து" எண்டதையும் திருத்தணும். சவுக்குக்குச் சரி. நீங்க கொத்தின வேம்பு பச்சையில கோடாலியைச் சப்பிப் பிடிச்சது எண்டு எழுதியிருக்கிறீங்க. முறுக்கு நார் உள்ள மரம் பச்சையில ஈரத்தோட நெகிழும், வெடிக்காது. ரெண்டு மாசம் நிழலில கிடந்து முகத்தில கோடு விழுந்த பிறகு அதே வேம்பு ஒரே அடியில போகும். நேர் நார் எண்டால் பச்சையில, முறுக்கு நார் எண்டால் வெடிப்பு வந்த பிறகு. என்ட வளவில சவுக்கும் வாகையும்தான் கூட, அதால எல்லா மரமும் அப்படித்தான் எண்டு எழுதிப்போட்டேன்.

24.09.2023
வேம்பைப் பத்திப் பேசினதால இது. 2011இலயோ 2012இலயோ படுவான்கரையில (வாவிக்கு மேற்குப் பக்கம்) ஒரு பாழ் வளவில தறிச்ச வேம்பு வாங்கினேன். மூணாவது கட்டையில கோடாலி "ணங்" எண்டது. கல் எண்டு நினைச்சேன். மரத்துக்குள்ள எப்படிக் கல்? வாயைப் பார்த்தால் நெல்மணி அளவு பிறை மாதிரித் தெறிச்சிருந்தது. ஆப்பு வைச்சுப் பிளந்தேன். உள்ள ஒரு சன்னம், துவக்குக் குண்டு. சுத்திவர மரம் கறுத்து, கறுப்பு ஒரு சாண் மேலயும் கீழயும் ஓடியிருந்தது. அதுக்கு வெளியில புது மரம், சுத்தமா, மஞ்சளா வளர்ந்து மூடியிருந்தது. நான் கோடாலியால கீறும் வரைக்கும் வெளித்தோலில ஒரு தழும்பும் இல்லை.

எடுத்து வைச்சிருக்கிறேன். ஏன் எண்டு தெரியாது.

பழைய வளவு மரம் வாங்கினால் கட்டையின்ட முகத்தைப் பாருங்க. நீலக் கறுப்பாக் கறை தெரிஞ்சால் உள்ள இரும்பு. கனக்க இடத்தில அது வேலிக்கு அடிச்ச ஆணியும் முட்கம்பியும்தான்.

08.10.2023
மாரிக்கு முந்தி அடுக்கி முடியுங்க. கச்சான் காத்து ஓய்ஞ்சிட்டு, வாடை தொடங்கினால் ஒண்டும் காயாது.

நிலத்தில அடுக்காதீங்க, கறையான் ஒரு மாசத்தில ஏறும். ஒதுக்கி வைச்ச தென்னங்குத்தியை அடியில போட்டு அதுக்கு மேல அடுக்குங்க, தென்னைக்கு அப்ப ஒரு வேலை. மேல மட்டும் தகரம், பக்கமெல்லாம் திறந்து கிடக்கட்டும். தறப்பாளால முழுசா மூடினால் உள்ள வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். சுவரில இருந்து ஒரு முழம் தள்ளி.

எடுக்கும்போது தடியால தட்டிப்போட்டு எடுங்க. புடையன் விறகுக்குள்ளதான் படுக்கும். விடியக்காலையில, லைட் இல்லாமல் கை விடவே கூடாது.

காய்ஞ்சிட்டுதா எண்டு பார்க்க ரெண்டு துண்டை ஒண்டோட ஒண்டு தட்டுங்க. காய்ஞ்சது ணீர் எண்டு சத்தம் போடும், ஈரம் பொத் எண்டும்.

29.10.2023
ஒருத்தர் எழுதியிருக்கிறார், காஸ் அடுப்பு வந்த காலத்தில கோடாலியைப் பத்தி இவ்வளவு தேவையா எண்டு.

2012 குடிசன மதிப்பீட்டில இந்த நாட்டில நாலில மூணு பங்குக்கும் மேலான வீடுகள் விறகிலதான் சமைச்சது. 2022இல சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில நிண்ட நாளை மறந்திட்டாரா? அப்ப டவுனில இருந்து என்ட வீட்டுக்கு விறகு கேட்டு வந்தவங்க இருக்கிறாங்க. அடுப்பு எரியிற வீட்டில ஆரோ ஒராள் கொத்தத்தான் வேணும். அது கூடுதலாப் பொம்பிளைதான். ஒருத்தரும் அவளுக்குச் சொல்லிக்குடுக்கிறதில்லை, தம்பி வரட்டும், மாமா வரட்டும் எண்டு கட்டை கிடந்து உழுக்கும். அதுக்குத்தான் எழுதுறேன்.

10.12.2023
மழை. மூணு நாளா வெயில் இல்லை.

கரடியனாற்று மகள் எழுதியிருக்கிறா: அடுக்கினதில முக்கால்வாசி நல்லா எரியுது, மிச்சம் புகையுது, அம்மாவுக்கு இருமல். புகையிறது கடைசியாக் கொத்தின வேம்பு. பச்சை விறகின்ட பாரத்தில பாதிக்குக் கிட்டத் தண்ணி. அடுப்பு முதல்ல அந்தத் தண்ணியை ஆவியாக்கத்தான் எரியும், மறுகாதான் சோத்துப் பானைக்கு. சூடு குறைஞ்ச நெருப்புத்தான் புகை விடும். அடுத்த நாளைக்கு வேண்டியதை அடுப்புக்கு மேல பறணில போட்டு வையுங்க, ரெண்டு மூணு நாள் சுத்தினால் போதும். இன்னும் ஒல்லியாக் கொத்துங்க, பெருவிரல் தடிப்புக்கு. மழைக்காலத்துக்குச் சிரட்டையும் பொச்சுமட்டையும் ஒரு சாக்கு ஒதுக்கி வைச்சால் மூட்ட மண்ணெண்ணெய் தேவைப்படாது.

ஒல்லியாக் கொத்தும்போது துண்டைக் கையால பிடிச்சுக்கொண்டு கொத்துற பழக்கம் எங்கட பொம்பிளையளுக்கு இருக்கு. என்ட மாமிக்கு இடக்கைச் சுட்டுவிரல் பாதிதான். பழைய கார் டயர் ஒண்டை அடிக்குத்திக்கு மேல போட்டு, கட்டையை அதுக்குள்ள நிறுத்துங்க. பிளந்த துண்டு விழாது, சுத்திச்சுத்திக் கொத்தலாம், கையே கிட்டப் போகத் தேவையில்லை.

21.01.2024
நேத்துச் சனிக்கிழமை கொக்கட்டிச்சோலையில இருந்து பஸ் ஏறிக் கரடியனாற்றுக்குப் போனேன். ஆப்பு ரெண்டையும் சாக்கில சுத்திக்கொண்டு போனேன், கொண்டக்டர் என்ன பெத்தா (பாட்டி) இவ்வளவு பாரம் எண்டார். பொங்கலுக்கு வரச்சொல்லித்தான் கேட்டது, மழையால தள்ளிப்போச்சு.

அந்தப் பிள்ளை கொத்துறதைப் பார்த்தேன். கட்டையைக் கையில எடுத்ததும் முகத்தைத் திருப்பிப் பார்த்தா, கிறுக்கினா, பெருவிரலால தடவினா. மறுகாதான் வைச்சா. ஒரே அடி. வாகைக் கட்டை ரெண்டாப் போய் ரெண்டு பக்கமும் விழுந்தது. நான் ஒண்டும் சொல்லயில்லை, சொல்ல ஒண்டும் இருக்கயில்லை. அவவின்ட அம்மா வாசலில நிண்டு, "ஆம்பிளை மாதிரிக் கொத்துறாள்" எண்டா. "இல்லை அக்கா, உங்கட மகள் மாதிரிக் கொத்துறா" எண்டேன்.

புளி மட்டும் மிச்சம். ரெண்டு பேரும் மாறி மாறிச் சம்மட்டி போட்டோம். முதல் ஆப்பு முக்கால்வாசி போச்சு. வெடிப்பு ஒரு விரல்கடை ஓடி நிண்டது. ரெண்டாவது ஆப்பு போச்சு, அதுவும் நிண்டது. உள்ளுக்குள்ள ஊதாக் கறுப்பில வைரம், நார் ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னிக்கொண்டு. ஆப்பை எடுக்கவே அலவாங்கு (கடப்பாரை) போட்டு அரை மணித்தியாலம்.

அப்பதான் யோசிச்சேன். இறைச்சிக்கடையில எல்லாம் புளியங்குத்திதானே வைச்சிருக்கிறாங்க. எத்தனை வெட்டுக்கும் பிளக்காது எண்டுதானே. ஆவணியில இந்தப் புளியைக் கொத்த ஆப்பு வாங்கச் சொல்லி எழுதினேன். அதே மாசம் அடிக்குத்தி தேடச் சொல்லியும் எழுதினேன். அவ இவ்வளவு நாளும் ஒரு மரமுந்திரிகைத் துண்டில வைச்சுக் கொத்தி, அது மூணாப் பிளந்து கிடக்கு.

புளியை உருட்டிக்கொண்டு போய் மாமரத்தடியில நிறுத்தினோம். ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு, அடியில மண் போட்டு மிதிச்சோம். உயரம் அவவின்ட முழங்காலுக்கு நாலு விரல் கீழ. டயரை மேல போட்டுக் கடைசி வேம்பை அதில வைச்சுக் கொத்தினா. குத்தி அசையயில்லை.

ஆப்பு ரெண்டையும் அங்கேயே விட்டுட்டு வந்திட்டேன். மகள், அடுத்த லோட்டில புளி வந்தால் எனக்கும் ஒண்டு எடுத்து வையுங்க. என்ட குத்தி நடுவில குழி விழுந்திட்டு.